வாசகர் கேள்வி – பதில்: விரல் நுனியில் ஒரு வழிபாட்டு நூல்

பார்வையற்ற மாணவர்கள் கணக்குப் பாடத்தை எப்படி எழுதுகிறார்கள் என்று ஓர் ஆசிரியை கேட்டிருந்ததற்குச் சென்ற இதழில் பதில் எழுதினேன். அவர்கள் கணக்கெழுதும் குறியீட்டை வகுத்த, பார்வையற்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஆபிரகாம் நெமெத், ஓய்வு பெற்ற பிறகு யூதர்களின் எபிரேய மொழி வழிபாட்டு நூல்களைப் பிரெய்லில், அதாவது விரலால் தடவிப் படிக்கும் புடைப்புப் புள்ளி எழுத்தில், பெயர்த்துக்கொண்டிருந்தார் என்று போகிற போக்கில் அதில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இம்முறை கடிதங்கள் அதிகம் வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவருக்கே ஒதுக்குகிறேன்.

நெமெத் யார்? அவருடைய வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்லுங்களேன்.
– வாசகர், திருச்சி

நியூயார்க் நகரில், ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், ஹங்கேரியிலிருந்து வந்த யூதக் குடும்பம் ஒன்றில் 1918 அக்டோபர் 16 அன்று பிறந்தவர். வீட்டில் பேசியது, ஐரோப்பிய யூதர்களின் மொழிகளில் ஒன்றான இத்திஷ். பிறவியிலேயே அவருக்குப் பார்வை இல்லை. ஆனால் அவருடைய தந்தை மகனை வீட்டுக்குள் பொத்திப் பொத்தி வளர்க்கவில்லை. தெருவில் நடத்திக் கூட்டிச் செல்லும்போது, எந்தத் திசையில் போகிறோம், வண்டிகள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போவார். வழியில் அஞ்சல் பெட்டியோ தீயணைப்புக் குழாயோ வந்தால், அவற்றின் இரும்பில் புடைத்து நிற்கும் எழுத்துகளைத் தடவிப் பார்க்க வைப்பார். அச்செழுத்தின் வடிவம் அப்படித்தான் அந்தப் பையனின் கைக்குப் பழகியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் பொதுப் பள்ளியிலும், பிறகு பெரும்பாலும் நியூயார்க்கை அடுத்த யோங்கர்ஸ் நகரில் யூத சமூகத்தினர் நடத்திய பார்வையற்றோர் பள்ளியிலும் படித்தார். அவருக்குக் கணிதத்தில்தான் நாட்டம். ஆனால் பார்வையற்றவருக்கு அது ஒத்துவராது என்று வழிகாட்டிகள் தடுத்ததால், புரூக்ளின் கல்லூரியில் உளவியல் எடுத்துப் படித்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அதே துறையில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பட்டம் வந்ததே தவிர, படிப்புக்கேற்ற வேலை வரவில்லை. தலையணை உறை தைக்கும் வேலை வரை செய்து பார்த்தார். மாலை நேரங்களில் ஆசைக்காகக் கணித வகுப்புகளுக்குப் போய்வந்தார். வேலை கிடைக்காத உளவியலாளராக இருப்பதைவிட, வேலை கிடைக்காத கணிதவியலாளராக இருக்கலாமே என்று அவருடைய மனைவி ஃபுளோரன்ஸ் ஒருநாள் கேட்டாராம். முதுகலைப் பட்டதாரிக்கு எந்த வழிகாட்டியும் சொல்லாத நல்ல யோசனையாக அது அமைந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள் கல்லூரியில் சேர்ந்து கணிதத்தில் தடுமாறியபோது, அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தாமாக முன்வந்தவர்களில் நெமெத்தும் ஒருவர். மாணவர் கணக்கைப் பலகையில் எழுதி, தமக்குத் தெரிந்த இடம்வரை போட்டு, அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். எங்கே பிசகியது என்பதை அவர் பிடித்துவிடுவார். அவரே பலகையில் எழுதியும் காட்டுவார். சிறுவயதில் இரும்பில் தடவிக் கற்ற எழுத்துகள் இங்கே சாக்பீஸில் வந்தன. அதைக் கவனித்திருந்த துறையினர், ஒரு பேராசிரியர் நோயுற்றபோது, அவருடைய வகுப்புகளை எடுக்க வருமாறு தந்தி அனுப்பினார்கள். அவருடைய ஆசிரியப் பணி அப்படித் தொடங்கியது. 1955-இல் டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 30 ஆண்டுகள் கற்பித்தார், 1960களின் இறுதியிலிருந்து கணினி அறிவியலையும் சேர்த்து. 1985-இல் ஓய்வு பெற்றார். மிச்சிகன் மாநிலப் பார்வையற்றோர் ஆணையத்தின் தலைவராக 1991 முதல் 1993 வரை இருந்தார். வழிபாட்டு நூல் வேலை இந்த ஓய்வுக்காலத்துக்கு உரியது. 2013 அக்டோபர் 2 அன்று, தமது 94-ஆம் வயதில், மிச்சிகனின் சவுத்ஃபீல்டில் காலமானார்.

பிரெய்ல் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டதே, கணிதத்துக்கு மட்டும் ஏன் தனிக் குறியீடு தேவைப்பட்டது?
– வாசகி, நாகர்கோவில்

பிரெய்லில் ஓர் எழுத்துக்கு ஒரு சிறு கட்டம், அதில் ஆறு புள்ளிகள்தாம், அவற்றைக் கொண்டு 63 வடிவங்களே அமைக்க முடியும். எல்லாவற்றையும் அதற்குள் அடக்க வேண்டியிருந்ததால், பழைய முறையில் எண்களுக்குத் தனி வடிவம் கிடையாது. ஆங்கில அகரவரிசையின் முதல் பத்து எழுத்துகளே, முன்னால் ஓர் எண் குறி போட்டால் எண்களாகிவிடும். முதல் எழுத்தான 'ஏ' ஒன்று, 'பி' இரண்டு, இப்படி. கடிதத்தில் தேதி எழுத இது போதும். ஆனால் இயற்கணிதத்தில் எழுத்தும் எண்ணும் அடுத்தடுத்து வரும். ஒவ்வோர் இடத்திலும் 'இது எண்', 'இது எழுத்து' என்று குறி போட்டுக்கொண்டே போனால், சமன்பாட்டைவிடக் குறிகள் நீண்டுவிடும்.

நெமெத் செய்தது கேட்பதற்கு மிக எளிது. எண்களைக் கட்டத்தின் கீழ்ப்பகுதிக்கு இறக்கிவிட்டார். 'ஏ' என்ற எழுத்துக்கு இடப்பக்க மேல்மூலையில் ஒரு புள்ளி என்றால், ஒன்று என்ற எண்ணுக்கு அதே புள்ளி ஒரு படி கீழே. விரலுக்கு வேறுபாடு உடனே தெரிந்துவிடும். பின்னம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அடுக்கு எங்கே மேலேறுகிறது என்பதற்கும் தனித்தனிக் குறிகள் வைத்தார்.

இதையெல்லாம் முதலில் தம் சொந்தப் பாடக்குறிப்புகளுக்காகத்தான் வகுத்துக்கொண்டார். கிளிஃபோர்ட் விட்சர் என்ற பார்வையற்ற இயற்பியலாளர், தொகைக்கெழு (இன்டெக்ரல்) அட்டவணை பிரெய்லில் இருக்கிறதா என்று இவரிடம் கேட்டார். என்னிடம் இருக்கிறது, ஆனால் அது என் குறியீட்டில் இருக்கிறது என்று சொல்லி, நெமெத் அப்போதே அதைக் கற்றுக்கொடுத்தார். விட்சர் வழியாக விஷயம் பிரெய்ல் குழுவுக்குப் போய், 1952-இல் குறியீடு வெளியானது. இந்தியாவிலும் பார்வையற்றோர் கல்வியில் அது பயன்பட்டிருக்கிறது.

எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழி. எபிரேயப் பிரெய்லும் அப்படியேதானா?
– வாசகர், புதுச்சேரி

இல்லை. எபிரேயப் பிரெய்ல், மற்ற பிரெய்ல்களைப் போலவே, இடமிருந்து வலமாகத்தான் வாசிக்கப்படுகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிரெய்ல் சிலேட் என்ற கட்டங்கள் கொண்ட சட்டத்தில் தாளைச் செருகி, ஸ்டைலஸ் என்ற கூர்முனைக் கருவியால் குத்தி எழுதுகிறவர், புள்ளிகள் மறுபக்கம் புடைக்க வேண்டும் என்பதற்காக, வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பிக் குத்துவார். எழுதி முடித்துத் தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகிவிடும். ஆகவே சிலேட்டில் எபிரேயம் எழுதுகிறவரின் கை மட்டும், முன்னோரின் கை போன திசையிலேயே போகும்.

அச்சிட்ட வழிபாட்டு நூலில் எபிரேய உயிரொலிக் குறிகள் மெய்யெழுத்தின் கீழும் மேலும் உள்ளும் சிறு புள்ளிகளாகவும் கோடுகளாகவும் இருக்கும். பிரெய்லில் கீழ், மேல் என்ற வசதி கிடையாது என்பதால், மெய்க்குப் பிறகு உயிர் தனிக் கட்டமாக வரிசையில் வந்து நிற்கும். தமிழ்ப் பிரெய்ல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 'கொ' என்பதை நாம் அச்சில் க-வுக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் வைத்து எழுதுகிறோம், பிரெய்லிலோ முதலில் க, பிறகு ஒகரம், அவ்வளவுதான். ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. பல மொழிகளின் பிரெய்ல்கள் ஒலியை ஒட்டி ஒரே வடிவங்களைப் பகிர்ந்துகொள்வதால், எபிரேயத்தின் 'லாமெத்' எழுத்துக்கும் நம்முடைய 'ல'வுக்கும் அதே மூன்று புள்ளிகள், 'மேம்' எழுத்துக்கும் நம் 'ம'வுக்கும் அதே மூன்று புள்ளிகள். எபிரேயம் அறியாத மதுரைக்காரர் ஒருவர் எருசலேமில் அச்சான தாளைத் தடவினால், பொருள் தெரியாமலே சில எழுத்துகளை உச்சரித்துவிடலாம்.

இந்த ஒழுங்கு முன்பு இல்லை. எபிரேயத்துக்கு நாட்டுக்கு நாடு வேறுபட்ட பிரெய்ல் முறைகள் இருந்தன. 1930களில்தான் அவை ஒரே சர்வதேச முறையாக இணக்கப்பட்டன. அதற்காக முன்னின்று உழைத்தவர் லியோபோல்ட் டூபோவ். அவரும் பார்வையற்றவர்.

யூத மதத்தில் பார்வையற்றவர் தொழுகைக்கூடத்தில் வேதம் வாசிக்கலாமா? அனுமதி இல்லையென்றால் பிரெய்லில் எழுதி என்ன பயன்?
– வாசகர், தஞ்சாவூர்

கூர்மையான கேள்வி. தோரா எனப்படும் ஐந்நூல், தொழுகைக்கூடத்தில் தோல்சுருளில் கையால் எழுதப்பட்ட பிரதியிலிருந்தே ஓதப்பட வேண்டும். எழுத்தில் அமைந்ததை மனப்பாடமாகச் சொல்லலாகாது என்பது யூத மதச் சட்ட விவாதங்களின் பழந்தொகுப்பான தால்முத் வகுத்த விதி. சபைக்காகச் சுருளைப் பார்த்து ஓதும் பணி, ஆகவே, பார்வையற்றவருக்குக் கிட்டாது. முழுச் சுருளும் நெஞ்சில் பதிந்திருந்தாலும் கிட்டாது. ஆனால் ஓதும்போது முறைவைத்துச் சிலரை மேடைக்கு அழைத்துச் சிறப்பிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அழைக்கப்படுபவரே ஓதாமல் அவருக்காக வேறொருவர் ஓதுவதே இப்போதைய வழக்கம் என்பதால், அந்த அழைப்பைப் பார்வையற்றவருக்கும் தரலாம் என்ற வழக்கத்தை 16-ஆம் நூற்றாண்டில் போலந்தில் வாழ்ந்த மோசே இசெர்லெஸ் என்ற யூதச் சட்ட அறிஞர் பதிவு செய்திருக்கிறார்.

அன்றாட வழிபாட்டுப் பாடல்களும் வேண்டுதல்களும் வேறு. அவற்றுக்குச் சுருள் விதி இல்லை. எந்த நூலிலிருந்தும் சொல்லலாம், மனப்பாடமாகவும் சொல்லலாம். நெமெத் உழைத்தது இந்த வழிபாட்டு நூல்களில்தான்.

தால்முத் அறிஞர்களிலேயே பார்வையற்றவர்கள் இருந்தார்கள். ராவ் யோசேப்பு ஒருவர், ராவ் ஷேஷெத் ஒருவர் ('ராவ்' என்பது மத ஆசான்களுக்குரிய பட்டம்). பார்வையற்றவரைக் குறிக்க 'மிகுந்த ஒளி உடையவர்' என்று பொருள்படும், அக்கால அரமேய மொழித் தொடரே அவர்களிடையே மங்கல வழக்காக இருந்தது. நாம் விளக்கை அணைப்பதை 'மலையேற்றுவது' என்று சொல்வதைப் போல. ராவ் யோசேப்பைப் பற்றி எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. பார்வையற்றவர்களுக்குக் கட்டளைகளிலிருந்து விலக்கு உண்டு என்று யூதா என்ற அறிஞர் கருத்துரைத்திருந்தார். அதைத் தீர்ப்பாக உறுதிசெய்து எவராவது சொன்னால் அறிஞர்களுக்கு விருந்து வைப்பேன் என்றார் ராவ் யோசேப்பு. விலக்கு இருந்தும் தாமாகவே எல்லாவற்றையும் கடைப்பிடிக்கிறோம், அப்படியானால் பெருமை கூடுதல்தானே என்பது அவருடைய கணக்கு. பிறகு, கட்டளைக்கு உட்பட்டுச் செய்பவரே, உட்படாமல் செய்பவரைவிட மேலானவர் என்ற, ஹனீனா என்னும் அறிஞரின் வாக்கு அவர் காதுக்கு எட்டியது. உடனே கட்சி மாறிவிட்டார். விலக்கு இல்லை என்று எவராவது சொன்னால் அப்போது விருந்து வைக்கிறேன் என்றார்.

நெமெத்தைத் தன்னார்வலர் என்று எழுதும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு விருந்துகளும் நினைவுக்கு வருகின்றன. கூலி வாங்காமல் செய்தார் என்ற அளவில் அந்தச் சொல் சரிதான். ஆனால் பார்ப்பவர் ஒருவர் பாராதவருக்குச் செய்யும் உபகாரம் என்று அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் இவருக்குப் பொருந்தவே இல்லை. தமக்கே தேவைப்பட்ட நூலைத் தம்மைப் போன்றவர்களுக்காக எழுதியவர் அவர்.

இப்போதுதான் எல்லாம் ஒலிநூலாக வந்துவிட்டதே. இவ்வளவு சிரமப்பட்டுப் பிரெய்லில் எழுத வேண்டுமா?
– வாசகி, ஈரோடு

நாவலுக்கு ஒலிநூல் போதும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். வழிபாட்டு நூலுக்குப் போதாது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை யூதர்களின் ஓய்வுநாள். மரபை முழுமையாகக் கடைப்பிடிப்பவர்கள் அந்த நாளில் மின்கருவி எதையும் இயக்க மாட்டார்கள். விளக்குப் பொத்தானைக்கூடத் தொட மாட்டார்கள் என்னும்போது, ஒலிப்பதிவுக் கருவியும் கைப்பேசியும் எங்கே? நீண்ட வழிபாடுகள் உள்ள நாளோ அந்த நாள்தான். அன்றைக்குக் கைகொடுப்பது தாளில் குத்திய புள்ளி மட்டுமே. அதற்கு மின்சாரமும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். வீட்டில் விளக்கு அணைந்துவிட்ட வெள்ளி இரவில், மற்றவர்கள் புத்தகத்தை மூடிவைத்த பிறகும் படித்துக்கொண்டிருக்கக்கூடியவர் அந்த வீட்டின் பார்வையற்றவர்தான்.

இன்னொன்றும் உண்டு. வழிபாடு என்பது கேட்டுக்கொண்டிருப்பதல்ல, சபையோடு சேர்ந்து சொல்வது. ஒலிப்பதிவு தன் வேகத்தில் போகும், சபை தன் வேகத்தில் போகும். விரல் மட்டும் சபை நிற்கும் இடத்தில் நிற்கும், விட்ட வரிக்குத் திரும்பும். தினமும் சொல்வது மனப்பாடமாகிவிடும் என்பது உண்மை. ஆண்டுக்கு ஒருமுறை, புத்தாண்டிலும் பாவநிவாரண நாளிலும் மணிக்கணக்கில் நீளும் பாடல்களை யார் மனப்பாடம் செய்வார்கள்?

இதில் சிரமம் எங்கே என்றும் கேட்டிருக்கலாம். அச்சில் கையடக்கமாக இருக்கும் புத்தகம் பிரெய்லில் பல தொகுதிகளாகப் பருத்துவிடும். நான் முதன்முதலில் ஒரு பிரெய்ல் தொகுதியைக் கையில் வாங்கியபோது, ஊரில் அந்தக் காலத்துத் தொலைபேசி விவரப் புத்தகத்தைத் தூக்குவதுபோல இருந்தது. தாளைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன், புள்ளி மழுங்கிவிடும் என்று பக்கத்திலிருந்தவர் பதறினார். தொழுகைக்கூடத்தில் இன்ன பக்கத்துக்குத் திருப்புங்கள் என்று அறிவிப்பது அச்சுநூலின் பக்க எண். ஆகவே பிரெய்ல் நூல் தன் பக்க எண்ணோடு, அச்சுப் பக்கம் எங்கே மாறுகிறது என்பதையும் காட்ட வேண்டும். அது இல்லாவிட்டால், எல்லோரும் ஒரு பாடலில் இருக்க இவர் தொகுதியைத் துழாவிக்கொண்டிருப்பார்.

இத்தகைய வேலையை ஒருவர் தனியாகச் செய்துவிட முடியுமா? அவருக்குப் பின்னால் அமைப்பு ஏதும் இருந்ததா?
– வாசகர், சேலம்

யூத சமூகத்தில் இதற்கு நீண்ட பின்னணி இருந்தது. நான் மேலே சொன்ன டூபோவ், அமெரிக்க யூத ஆலயங்களின் மகளிர் சங்கக் கூட்டமைப்பு துணைநிற்க, 1931-இல் நியூயார்க்கில் யூத பிரெய்ல் நிறுவனத்தைத் தொடங்கினார். பார்வையற்றோருக்கு நூல் வழங்க அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதும் அதே ஆண்டில்தான். ஆனால் அரசு நூலகம் பொது வாசகரை மனத்தில் கொண்டது. எபிரேயமும் இத்திஷும் வேண்டுவோருக்குச் சமூகமே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பார்த்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆலயச் சங்கங்களில் கூடிப் பிரெய்ல் கற்று, வீட்டு மேசையில் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் பக்கம் பக்கமாக அடித்தார்கள். பிரெய்ல் இயந்திரத்தில் புள்ளிக்கு ஒன்றாக ஆறு விசைகள் இருக்கும், ஓர் எழுத்துக்கு வேண்டிய விசைகளை ஒரே அழுத்தில் அழுத்த வேண்டும், ஆர்மோனியத்தில் கட்டைகளைச் சேர்த்துப் பிடிப்பதைப் போல. ஒரு விரல் தவறினால் எழுத்தே மாறிவிடும். இதனால்தான் அமெரிக்காவில் பெயர்த்தெழுத வருகிறவர்களுக்கு முறையான பாடமும், பிரெய்லில் மாதிரிப் படி ஒன்றை எழுதிக் காட்டித் தேறும் சான்றிதழும் வைத்திருக்கிறார்கள். நல்ல மனது மட்டும் போதாத வேலை இது. அந்தப் பெண்களின் பெயர்கள் அவர்கள் அடித்த பக்கங்களில் இல்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

நெமெத் மதுக்கூடங்களில் பியானோ வாசித்தார் என்று எங்கோ படித்தேன். உண்மையா?
– வாசகர், கோவை

உண்மைதான். வருமானத்துக்காக வாசித்தார். அவருக்கு நல்ல வாசிப்பு கைவந்திருந்தது. வழிபாட்டு நூலோடு இதை முடிச்சுப் போட வேண்டாம்.

எங்கள் ஊர்க் கல்லூரியில் பார்வையற்ற மாணவி ஒருவருக்குப் பாடநூலை வாசித்துக் காட்டுகிறேன். தமிழ், வரலாறு எல்லாம் பிரச்சினையில்லை. புள்ளியியல் பாடத்தில் இருவருமே திணறுகிறோம். நெமெத் இதற்கு ஏதேனும் வழி சொல்லியிருக்கிறாரா?
– வாசகி, விருதுநகர்

சொல்லியிருக்கிறார். இதே திணறல் அவருக்கும் இருந்தது. பார்வையுள்ளவர்கள் அவருக்கு நூல்களை வாசித்துக் காட்டினார்கள், ஆளுக்கு ஒரு விதமாகச் சூத்திரங்களைச் சொன்னார்கள். எனவே, வாசிப்பவர் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கும் ஒரு முறையை வகுத்தார். கேட்பவர் ஒரே விதமாக மட்டுமே எழுத முடிகிற மாதிரி வாய்மொழி இருக்க வேண்டும் என்பதே அதன் ஆதாரம். பிற்காலத்தில் கணினிகள் கணிதத்தை உரக்கப் படிப்பதற்கும் அது அடிப்படையாயிற்று.

நானும் ஒருகாலத்தில் ஒரு மாணவருக்கு இப்படி வாசித்தவன். 'ஒன்றின் கீழ் எக்ஸ் கூட்டல் இரண்டு' என்று நான் சொன்னேன். ஒன்றை எக்ஸால் வகுத்து, பிறகு இரண்டைக் கூட்டினார் அவர். புத்தகத்திலோ எக்ஸும் இரண்டும் சேர்ந்து கோட்டுக்குக் கீழே இருந்தன. விடை வரவில்லை என்று அரைமணி நேரம் அவர் தம்மையே நொந்துகொண்டார். தவறு என் வாயில் இருந்தது. கோடு எவ்வளவு தூரம் நீள்கிறது என்பது என் கண்ணுக்குத் தெரிந்ததால், அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

நெமெத்தின் முறைப்படி நான் சொல்லியிருக்க வேண்டியது இது: 'பின்னம் தொடக்கம், ஒன்று, கீழே, எக்ஸ் கூட்டல் இரண்டு, பின்னம் முடிவு.' வர்க்கமூலத்துக்கும் இதுபோலவே 'மூலம் தொடக்கம்', 'மூலம் முடிவு' என்று எல்லை சொல்லுங்கள். அடுக்கு வந்தால் 'மேலே' என்று ஏறி, முடிந்ததும் 'வரிக்கு' என்று இறங்கிவிடுங்கள். இந்தச் சொற்கள்தாம் வேண்டும் என்பதில்லை, நீங்களும் அந்த மாணவியும் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். முடிவு செய்தபின் ஒருநாளும் மாற்றாதீர்கள். முதல் வாரம் இருவருக்கும் அலுப்பாக இருக்கும். உங்கள் புத்தகத்தில் உள்ள முதல் சூத்திரத்தை அவர் எழுதி, உங்களுக்கே திரும்பப் படித்துக் காட்டட்டும். கோடு எங்கே முடிகிறது என்று அவர் உங்களுக்குச் சொன்னால், அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.